இல்லை என்று சொல்வதற்கு முன்

“அப்படின்னா அவர் பாடினது தேவாரமே இல்லையாம்மா?”

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், தொலைபேசியில் ஒரு மூதாட்டி என்னிடம் இப்படிக் கேட்டார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் காலமாகி நாற்பது நாள் ஆகியிருந்தது. வீட்டில் விளக்கு வைத்ததும் அவர் தினமும் ஒரு பாட்டுப் பாடுவாராம். வரிகள் அந்த அம்மாவுக்கு நினைவில் இல்லை. கிளியைக் கிட்டே கூப்பிட்டு, தேனும் பாலும் தருகிறேன், சுவாமி பேரை எனக்கு ஒரு தரம் சொல்லு என்று கெஞ்சுகிற பாட்டு. சீர்காழிப் பாட்டு என்று அவர் சொல்லிக் கேட்டதுண்டு. பேரன் கைப்பேசியில் எங்கள் தேவாரத் தரவுத்தளத்தைத் திறந்து, ‘சீர்காழி கிளி’ என்று தட்டித் தேடிக் கொடுத்திருக்கிறான். திரையில் ஒரே ஒரு வரிதான் வந்தது: முடிவுகள் எதுவும் இல்லை.

கீழே இருந்த எண்ணைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். பாட்டு வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஐம்பது வருஷம் தான் கேட்டுக்கொண்டிருந்தது என்ன என்றுதான் கேட்டார்.

எழுந்துபோய் நூலை எடுத்துப் புரட்டினேன். முதல் திருமுறை, 60-ஆம் பதிகம், சம்பந்தர் பாடியது, பண் பழந்தக்கராகம். கிளிப் பாட்டைப் படிக்கத் தொடங்கினேன். இரண்டாம் அடிக்குப் போவதற்குள் அந்தப் பக்கத்தில் அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். வரி நினைவில்லை என்றவர், முழுப் பாட்டையும் கணவருடைய ராகத்தோடு முடித்தார். நான் படிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பாட்டு எங்கள் தளத்தில் இருந்தது. எழுத்துப் பிழையில்லாமல், சீர் பிரித்து, நானே மூன்று தரம் மெய்ப்புப் பார்த்து ஏற்றிய பாட்டு. இருந்த ஒன்றை இல்லை என்று நாங்கள் சொல்லியிருக்கிறோம். துக்கத்தில் இருந்த ஒரு பெண் அதை நம்பி, கணவரைச் சந்தேகப்படும் இடத்துக்கு வந்துவிட்டார்.

நான் நூலகர். மயிலாடுதுறைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் 28 ஆண்டுகள் நூற்பட்டியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரு தமிழாசிரியர், கணினி படித்த இரண்டு தம்பிகள், நான் என நாலு பேர் சேர்ந்து இந்தத் தரவுத்தளத்தை நடத்துகிறோம். தேவாரத்தில் ஏறத்தாழ 800 பதிகங்கள், 8,000-க்கும் மேற்பட்ட பாடல்கள். அத்தனையையும் ஏற்றிவிட்டால் நம் தொண்டு முடிந்தது என்று நினைத்திருந்தோம்.

அந்தப் பதிகத்தில் ஊரின் பெயர் தோணிபுரம். சீர்காழிக்குப் பன்னிரண்டு பெயர்கள் உண்டு: பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, காழி, கொச்சைவயம், கழுமலம். சம்பந்தர் பிறந்த ஊர் அது. ஒவ்வொரு பெயரிலும் அழைத்துப் பாடியிருக்கிறார். ஆனால் இன்று பேருந்துப் பலகையில் இருக்கிற ‘சீர்காழி’யைத் தட்டினால் கணினி அந்த எழுத்துகளை மட்டும் பார்க்கும், ஊரைப் பார்க்காது. சிதம்பரம் என்று தேடுகிறவருக்குத் தில்லையும் சிற்றம்பலமும் கிடைக்காது. வேதாரண்யத்துக்காரருக்குத் திருமறைக்காடும், விருத்தாசலத்துக்காரருக்கு முதுகுன்றமும் கிடைக்காது. எந்த ஊர்க்காரருக்கு அந்தப் பாட்டு மிகவும் சொந்தமோ, அவருக்கே அது இல்லாமல் போகும்.

பெயர் சரியாக இருந்தாலும் இன்னொரு தடை உண்டு. ‘ஆரூர்’ என்று தட்டினால் ‘ஆரூரானை’ வராது. ஆரூரில் கடைசி எழுத்துக்கு மேல் ஒரு புள்ளி இருக்கிறது. ‘ஆன்’ வந்து சேர்ந்ததும் புள்ளி போய், ‘ர்’ என்ற மெய் ‘ரா’ ஆகிவிடுகிறது. முதல் வகுப்புப் பிள்ளைக்கும் இது ஒரே ஊர்தான். கணினிக்கு அந்தப் புள்ளியும் ஒரு தனிக் குறி. குறி இல்லையென்றால் சொல்லே இல்லை. மெய்யின்மேல் உயிர் ஏறும்போது புள்ளி மறையும் என்று இலக்கணம் சொல்கிறது. உயிர் ஏறியதும் மெய்யை அடையாளம் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தது எங்கள் தேடல் பெட்டி.

நூலக அட்டைகளில் இதற்கு வழி வைத்திருந்தோம். ‘விருத்தாசலம்: முதுகுன்றம் காண்க’ என்று ஓர் அட்டை எழுதிப் பெட்டியில் செருகிவிடுவோம். என் பணிக்காலத்தில் அப்படி எத்தனை ‘காண்க’ அட்டைகள் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. கணினி வந்ததும், அது எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் என்று அந்த அட்டைகளை மறந்துவிட்டேன். அது என் தவறு.

இதை வெறும் தொழில்நுட்பக் கோளாறு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. ஒன்று இல்லை என்பதை நாம் எப்படி அறிகிறோம்? நம் தத்துவ நூல்கள் இந்தக் கேள்வியைப் பெரிதாக மதித்திருக்கின்றன. வஞ்சி நகரில் மணிமேகலை அளவைவாதியிடம் கேட்ட பத்து அளவைகளில், அதாவது அறியும் வழிகளில், ஒன்று அபாவம்: இன்மையை அறிதல். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரும் அளவைகளைச் சொல்லும் இடத்தில் அபாவத்தைக் குறிப்பிட்டுவிட்டு, எல்லாமே காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறது. குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள் இன்மையை அறிவதைத் தனி அளவையாகவே கொண்டார்கள்.

ஆனால் அவர்கள் அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள். தரையில் குடம் இல்லை என்று நீ சொல்லலாம். எப்போது? குடம் இருந்திருந்தால் உன் கண்ணுக்குப் பட்டே இருக்கும் என்ற நிலை இருக்கும்போது. வெளிச்சம் வேண்டும், கண்ணில் பழுது இருக்கக் கூடாது, குடம் பார்க்கக்கூடிய பொருளாக இருக்க வேண்டும். இருட்டு அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குடம் இல்லை என்கிறவன் குடத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தனக்குத் தெரியவில்லை என்று மட்டுமே சொல்கிறான்.

எங்கள் தேடல் பெட்டி இருட்டு அறைதான். ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்ல வேண்டியது, ‘இல்லை’ என்று சொன்னது.

இருட்டைப் பற்றி உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ஒரு வேறுபாடு காட்டுகிறார். சாதாரண இருட்டு மற்ற பொருள்களை மறைக்கும், ஆனால் இருட்டாக இருக்கிறது என்று தன்னையாவது காட்டிக்கொள்ளும். ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும். பல முறை படித்த இடம்தான். அந்தத் தொலைபேசிக்குப் பிறகே அது எனக்கு உறைத்தது. ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்ற வரி பாட்டை மறைத்தது. மறைத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்து மறைத்தது. வெறும் திரையாவது இருந்திருந்தால் ஏதோ பழுது என்று அந்த அம்மா நினைத்திருப்பார். தீர்ப்புப் போல ஒரு வாக்கியம் வந்ததால் நம்பிவிட்டார்.

என் கதையையும் சொல்ல வேண்டும். அப்பா ஓதுவார் இல்லை, அஞ்சலகத்தில் வேலை. ஆனால் விடிகாலையில் பதிகம் படிக்காமல் காப்பி குடிக்க மாட்டார். அவர் நோயில் கிடந்த ஏழு மாதமும் நான் வேண்டாத தெய்வம் இல்லை. அவர் போன பிறகு இரண்டு வருஷம் கோயில் படி மிதிக்கவில்லை. தேடினேன், கிடைக்கவில்லை, ஆகவே இல்லை என்று கணக்கை முடித்துவிட்டேன். ஊரில் யாரும் என்னைக் கண்டிக்கவில்லை. அம்மா மட்டும் ஒரு நாள், “நீ எந்தப் பேரைச் சொல்லித் தேடினே?” என்று கேட்டாள். அப்போது எனக்கு விளங்கவில்லை. அப்பா பிழைக்க வேண்டும் என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டுத் தேடியிருக்கிறேன். வேறு பெயரில், வேறு வடிவில் அந்த ஏழு மாதமும் என் பக்கத்தில் எது இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

இதைச் சொல்வதால், கிடைக்காததெல்லாம் இருக்கிறது என்று நான் வாதாடவில்லை. அது இன்னொரு பொய். கடவுள் இல்லை என்கிறவரோடு எனக்குச் சண்டையும் இல்லை. அவர் விளக்கோடு எல்லா அறையிலும் பார்த்துவிட்டுச் சொல்கிறாரா, வாசலில் நின்று சொல்கிறாரா என்பதுதான் கேள்வி. இருக்கிறார் என்கிறவரிடமும் அதே கேள்வியைத்தான் கேட்பேன்.

தேவாரத்தின் வரலாறே இந்தப் பாடத்தைச் சொல்கிறது. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கொள்ளப்படும் திருமுறைகண்ட புராணத்தின்படி, ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. தேவாரம் பாடிய மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்கள். நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து திறந்தபோது, ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்ததில் மிஞ்சியவையே நம்மிடம் இருப்பவை. கரையான் தின்றது தின்றதுதான்.

ஆகையால் நாங்கள் ஏற்றியிருப்பது மிச்சம். அந்த மிச்சமும் முழு மிச்சமா? திருவாரூர் மாவட்டத்துத் திருவிடைவாய்க்குப் பதிகம் உண்டு என்று எந்த ஏட்டிலும் இருக்கவில்லை. கடந்த நூற்றாண்டில் அந்த ஊர்க் கோயில் கல்வெட்டிலேயே சம்பந்தர் பதிகம் ஒன்று கிடைத்தது. அதுவரை ஏட்டை மட்டும் நம்பி, அந்த ஊருக்குப் பாட்டு இல்லை என்று சொல்லியிருக்கக்கூடிய புலவர் அறிவில் குறைந்தவர் அல்லர். சுவரைப் பார்க்காதவர், அவ்வளவுதான்.

தளத்தை மாற்றுவது என்று முடிவெடுத்தோம். ஆர்வக் கோளாறில் முதலில் மறுகரைக்கே போய்விட்டோம். ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக எண்ணித் தேடச் சொன்னோம். ர, ற அப்படியே. ந, ன, ண அப்படியே. கைப்பேசியில் எழுத்து மாற்றித் தட்டுகிறவருக்கு உதவும் என்று நினைத்தோம். பலன் என்ன? மூங்கிலைக் குறிக்கும் ‘கழை’யைத் தேடினால் ‘கலை’யும் ‘களை’யும் சேர்ந்து வந்தன. மேலே பச்சை எழுத்தில் எண்ணிக்கை வேறு. ஓர் ஆய்வு மாணவர் அந்த எண்ணிக்கையை அப்படியே தம் கட்டுரையில் எடுத்துக்கொண்டார். அவருடைய பேராசிரியர் பிடித்துத் திருத்தினார். அவர் பிடித்திராவிட்டால், தேவாரத்தில் இத்தனை இடத்தில் மூங்கில் வருகிறது என்ற பொய் அச்சேறியிருக்கும்.

சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் ஒன்பதாம் பாடல் மாலும் அயனும் சிவனைத் தேடிய கதையைச் சொல்லும். தோல்வியடைந்த ஒரு தேடலைப் பதிகந்தோறும் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார். புராணம் அந்தக் கதையை இன்னும் விரிக்கிறது. அடியைத் தேடிப் போன திருமால், காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். முடியைத் தேடிப் போன பிரமன், தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு வந்து கண்டேன் என்றார். இருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் பழி பிரமனுக்கும் தாழம்பூவுக்கும்தான். கிடைக்கவில்லை என்று உண்மையைச் சொன்னவருக்கு இழுக்கு வரவில்லை.

எங்கள் பழைய பெட்டி இருந்ததை இல்லை என்றது, புதிய பெட்டி காணாததைக் கண்டேன் என்றது. இரண்டுமே பொய்ச்சாட்சிதான்.

மறுபடியும் உட்கார்ந்தோம். தமிழாசிரியர் ஐயாவும் நானும் ஊர்ப்பெயர்ப் பட்டியல் எழுதினோம். பாடல் பெற்ற தலங்கள் 276-க்கும் பாட்டில் வரும் பெயர், கல்வெட்டுப் பெயர், மக்கள் வாயில் புழங்கும் பெயர், ஆங்கிலேயர் காலத்தில் திரிந்த பெயர் எல்லாவற்றையும் ஒரு கோவையாகச் சேர்த்தோம். என் பழைய ‘காண்க’ அட்டைகள்தான், வேறு உடுப்பில். தம்பிகள் ஒவ்வொரு சொல்லையும் உயிரும் மெய்யுமாகப் பிரித்து உள்ளே ஓர் அடைவு செய்தார்கள். இப்போது ஆரூரும் ஆரூரானும் ஒருவரையொருவர் அறிவார்கள். தட்டிய எழுத்துகள் அப்படியே வரும் பாடல்கள் முதலில் நிற்கும். எழுத்து மாறி இருக்கலாம் என்று ஊகித்தவை தனியாகக் கீழே, ‘இதுவாக இருக்கலாம்’ என்ற தலைப்பில் நிற்கும். எண்ணிக்கையில் அவை சேராது. ஊகம் ஊகமென்றே தெரிய வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

எங்கள் ஊர்க் கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார் ஐயாவிடம் காட்டினேன். பாடசாலையில் ஐந்து வருஷம் இருந்து கற்றவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா சுலபமாக் கிடைச்சா நெஞ்சுல தங்காது. ஒரு பதிகத்துக்காக நாங்க ஆசிரியர் காலடியிலே எத்தனை நாள் காத்துக் கிடந்திருக்கோம். தேடறதே ஒரு தவம். அதை எடுத்துட்டா என்ன மிச்சம்?” என்றார்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்த வார்த்தை அது. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பதிகம் கைப்பேசியில் கிடைப்பதும் நெஞ்சில் கிடப்பதும் ஒன்றல்ல. ஆனால் சிரமத்தில் இரண்டு வகை உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. மலைக்கோயிலுக்குப் படி ஏறுவது வேண்டுதல். கோயில் வாசலைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைப்பது யாருக்கும் வேண்டுதல் ஆகாது. பாட்டின் பொருளை உணர்வது கடினம், பண்ணோடு பாடுவது கடினம், அதன்படி வாழ்வது எல்லாவற்றிலும் கடினம். அந்தப் படிகளை எந்தக் கணினியும் குறைக்கப் போவதில்லை. எழுத்தின் மேல் புள்ளி மறைந்ததால் கிடைக்காமல் போவது தவம் அல்ல. அது எங்கள் வேலையில் இருந்த குறை.

“ஐயா, திருமறைக்காட்டுலே அப்பர் என்ன செஞ்சார்?” என்று கேட்டேன். வேதங்கள் பூசித்துத் திருக்காப்பிட்ட கதவு அது. ஊரார் வேறு வழியாக உள்ளே போய் வந்துகொண்டிருந்தார்கள். சுற்று வழி இருக்கிறதே என்று அப்பர் விடவில்லை. நேர்வாசல் எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று ஒரு பதிகம் முழுக்கப் பாடினார். கதவு திறந்தது.

ஓதுவார் ஐயா சிரித்தார். பிறகு, “அப்போ பண் எங்கே? ஊரை வெச்சுத் தேடலாம், சொல்லை வெச்சுத் தேடலாம். நான் பண்ணை வெச்சுத்தானே தேடுவேன்?” என்றார்.

நூலகராக நான் அதுவரை யோசிக்காத இடம். தேவாரத்துக்குத் தொன்றுதொட்டு இரண்டு வரிசைகள் இருக்கின்றன. பண்ணுக்கு ஏற்ப அடுக்கியது பண்முறை, ஊருக்கு ஏற்ப அடுக்கியது தலமுறை. பாடுகிறவருக்கு ஒன்று, யாத்திரை போகிறவருக்கு ஒன்று. ஏடுகள் கிடைத்தபின் பண் தெரியாமல் நின்றபோது, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் வகுக்கச் செய்தார்கள் என்று புராணம் சொல்கிறது. தேடி எடுத்ததோடு அவர்கள் நிறுத்தவில்லை. அடுத்தவர் வந்து எடுத்துக்கொள்ளும்படி அடுக்கிக் கொடுத்தார்கள். அந்த அடுக்கலும் திருமுறைத் தொண்டில் சேர்ந்ததுதான். ஓதுவார் ஐயா கேட்ட பண்வழித் தேடல் இப்போது தளத்தின் முகப்பிலேயே இருக்கிறது.

வாசகரின் நேரத்தைக் காப்பது நூலகத்தின் நான்காம் விதி. எழுதியவர் எஸ். ஆர். ரங்கநாதன். நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் வெளியிட்டது 1931-இல். அவர் பெயரின் முன்னால் நிற்கும் ‘எஸ்’ ஷியாலி, ஆங்கிலேயர் வாயில் திரிந்த சீர்காழி. பன்னிரண்டு பெயர் கொண்ட ஊரில் பிறந்த ஒருவர், படிக்க வருகிறவரை அலைய விடாதே என்று உலகத்துக்கு விதி எழுதினார். வேலையில் சேர்ந்த நாளில் அதை மனப்பாடம் செய்தேன். ஓய்வு பெற்ற பிறகுதான் அதன் பொருள் எனக்குத் தெரிந்தது. நேரத்தைக் காப்பது அவசரத்துக்காக அல்ல. ஒருவர் தம் நேரத்தைக் கதவைத் தட்டுவதில் செலவழிக்காமல் பாட்டின் முன்னால் உட்கார்ந்து செலவழிக்கட்டும் என்பதற்காக.

கடைசியாக மாற்றியது அந்த ஒரு வரியை. ‘முடிவுகள் எதுவும் இல்லை’ இருந்த இடத்தில் என்ன எழுதுவது என்று நாலு பேரும் ஒரு வாரம் பேசினோம். இப்போது இருப்பது இது: ‘நீங்கள் தந்த சொல்லைக் கொண்டு எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. பாட்டு வேறு பெயரில் இருக்கலாம், எங்களிடம் வந்து சேராததாகவும் இருக்கலாம். நினைவில் இருப்பதை எழுதி அனுப்புங்கள், தேடித் தருகிறோம்.’ நீளமான வரி. தம்பிகளுக்குத் திரையில் இடம் போதவில்லை என்று குறை. அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாவுக்கு மாற்றிய தளத்தைப் பேரன் காட்டியிருக்கிறான். ‘சீர்காழி கிளி’ என்று போட்டதும் பாட்டு முதலில் வந்தது என்று தொலைபேசியில் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் இப்போது அதைத் தினமும் விளக்கு வைத்ததும் பாடுகிறார்.

படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ உங்கள் ஊர்ச் சுவாமியை, உங்கள் ஊரை, வேறு ஏதாவது பெயர் சொல்லி அழைத்ததுண்டா? எந்த நூலிலும் இல்லாத பெயராக இருந்தாலும் பரவாயில்லை. இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள், ஊர்ப் பெயரோடு, சொன்னவர் பெயரோடு. நாளைக்கு யாரோ ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தேடி வருவார். அவரிடம் யாரும் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.